வாசகர் கேள்வி - பதில்: கரும்புக்கு விலை உண்டு, பணம் எப்போது?

சென்ற இதழில் சந்தைச் சீர்திருத்தங்களைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை கரும்பைப் பற்றியே இருந்தன. ஒரே பொருளில் அமைந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். கடிதம் எழுதியவர்கள் தங்கள் சர்க்கரை ஆலையின் பெயரைக் குறிப்பிட்டிருந்தாலும் அந்தப் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: 1991-க்குப் பிறகு எல்லாத் தொழில்களும் தாராளமயமாகிவிட்டன என்கிறார்கள். நான் நாற்பது ஆண்டுகளாகக் கரும்பு வைக்கிறேன். இன்றும் பதிவு செய்த ஆலைக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆலை வெட்டு உத்தரவு தருகிற நாளில்தான் வெட்ட வேண்டும். சீர்திருத்தம் எங்கே நடந்தது?
- ஒரு வாசகர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. சீர்திருத்தம் நடந்தது உண்மை. ஆனால் அது ஆலையின் வாசலில் தொடங்கி ஆலையின் கிடங்கில் முடிந்துவிட்டது, வயல்வரை வரவில்லை.

1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டமும், 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டமும், அதன் கீழ் வந்த 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையும் இந்தத் தொழிலை மூன்று இடங்களில் கட்டிவைத்திருந்தன. ஆலை தொடங்க உரிமம் வேண்டும் என்பது முதல் கட்டு. விளைந்த சர்க்கரையில் ஒரு பகுதியை ரேஷனுக்காக அரசு சொல்லும் விலைக்கு லெவியாகக் கொடுத்துவிட்டு, மீதியையும் மாதந்தோறும் அரசு விடுவிக்கும் அளவுக்குத்தான் விற்க வேண்டும் என்பது இரண்டாவது. எந்த ஊர்க் கரும்பு எந்த ஆலைக்கு, என்ன விலைக்கு என்பதை அரசு வரையறுப்பது மூன்றாவது. 1991இல் பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் நீக்கப்பட்டபோதும் சர்க்கரை அந்தப் பட்டியலில் சேரவில்லை; 1998 ஆகஸ்டில்தான் முதல் கட்டு அவிழ்ந்தது. தொண்ணூறுகளில் 40 சதவீதமாக இருந்த லெவி, 2002இல் 10 சதவீதமாகக் குறைந்தது. பொருளாதார அறிஞர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 2012 அக்டோபரில் தந்த அறிக்கையை ஒட்டி, 2013 ஏப்ரலில் லெவியும் மாதாந்திர விடுவிப்பும் நீக்கப்பட்டன.

அதே குழு, எந்த ஊர்க் கரும்பு எந்த ஆலைக்கு என்று பிரித்துவைக்கும் கரும்பு ஒதுக்கீட்டுப் பகுதி முறையைப் படிப்படியாகக் கைவிட வேண்டும், இரண்டு ஆலைகளுக்கு இடையே 15 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்ற விதியையும் நீக்க வேண்டும் என்று சொன்னது. இவை இரண்டும் மாநிலங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டன. ஒதுக்கீட்டு முறையைக் கைவிட்ட மாநிலமாக மகாராஷ்டிரத்தைத்தான் எடுத்துக்காட்ட முடிகிறது. நம் மாநிலத்தில் மூன்றாவது கட்டு அப்படியே நிற்கிறது.

ஒதுக்கீட்டு முறையை முற்றிலும் தீயது என்று நான் சொல்லமாட்டேன். வெட்டிய கரும்பு இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. எடையும் குறையும், சர்க்கரையும் குறையும். ஆகவே அருகில் ஓர் ஆலை உங்கள் கரும்பைக் கட்டாயம் வாங்கியாக வேண்டும் என்பது ஒரு காலத்தில் விவசாயிக்குக் கிடைத்த பாதுகாப்பு. ஆனால் ஆலைக்கு விற்கும் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு, விவசாயிக்கு வேறு ஆலையைத் தேடும் சுதந்திரத்தைக் கொடுக்காமல் விட்டால் பேரம் பேசும் பலம் ஒரு பக்கமாகவே சாய்ந்துவிடும். வெட்டு உத்தரவு ஒரு மாதம் தள்ளிப்போய்க் கரும்பு பூத்து, உள்ளே பஞ்சு விழுந்து, சோகை (கரும்பின் இலை) காய்ந்து நிற்கும்போது அந்த நட்டத்தை ஏற்பது நீங்கள் மட்டுமே.

கேள்வி: லெவி நீங்கியதால் ரேஷன் சர்க்கரை விலை கூடியது என்கிறார்களே, சீர்திருத்தத்தின் சுமை எங்கள் மீதுதானா?
- ஒரு வாசகி, சென்னை

ஓரளவுக்கு ஆம். லெவி இருந்தவரை ரேஷன் சர்க்கரையின் மானியத்தை ஆலை சுமந்தது. ஆலை அந்தச் சுமையைக் கரும்பு விலையிலும் பட்டுவாடாவின் தாமதத்திலும் இறக்கி வைத்தது. ஆகவே மறைமுகமாக விவசாயிதான் மலிவுச் சர்க்கரைக்குப் பங்களித்துக்கொண்டிருந்தார். லெவி நீங்கிய பிறகு மாநிலங்கள் வெளிச்சந்தையில் வாங்கி விநியோகிக்க, மத்திய அரசு கிலோவுக்கு 18 ரூபாய் 50 காசு மானியம் கொடுத்தது. 2017இல் அந்தியோதயா அட்டை வைத்திருக்கும் மிக ஏழைக் குடும்பங்களைத் தவிர மற்றவர்களுக்கு அது நிறுத்தப்பட்டதால், தமிழ்நாட்டில் அந்த ஆண்டு நவம்பரிலிருந்து ரேஷன் சர்க்கரை கிலோ 13 ரூபாய் 50 காசிலிருந்து 25 ரூபாயாக உயர்ந்தது. ஏழைக்கு மலிவாகக் கொடுக்க வேண்டும் என்றால் அதை அரசு தன் கருவூலத்திலிருந்து வெளிப்படையாகக் கொடுப்பதே முறை. அந்த அளவில் லெவியை எடுத்தது சரியான முடிவு. மானியத்தை அவ்வளவு சீக்கிரம் விலக்கிக்கொண்டது சரியல்ல.

கேள்வி: ஆதாய விலை, மாநில அரசின் பரிந்துரை விலை, வருவாய்ப் பங்கீடு என்று மூன்று பெயர்கள் சொல்கிறார்கள். இவற்றில் எது எங்களுக்கு நல்லது? கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

மத்திய அரசு அறிவிப்பது 'நியாயமான மற்றும் ஆதாய விலை'. 2009-10 பருவத்தில் பழைய குறைந்தபட்ச விலைக்கு மாற்றாக இது வந்தது. அதுவரை, ஆலை லாபம் ஈட்டினால் அதில் ஒரு பகுதியைப் பிறகு விவசாயிக்குக் கொடுக்க வேண்டும் என்று பார்கவா சூத்திரம் ஒன்று ஆணையில் இருந்தது. புதிய விலையிலேயே லாபத்துக்கும் இடம் வைத்துவிட்டோம் என்று சொல்லி அதை எடுத்துவிட்டார்கள்.

மாநில அரசின் பரிந்துரை விலை, மத்திய விலைக்கு மேல் மாநிலம் சேர்த்துச் சொல்வது. மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2004இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2015-16, 2016-17 பருவங்களுக்கு டன்னுக்கு 2,850 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. தனியார் ஆலைகள் பலவும் மத்திய விலையை மட்டும் கொடுத்துவிட்டு மீதியை நிலுவையில் வைத்தன. அந்த நிலுவைக்காக நடந்த போராட்டங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். பிறகு 2018இல் கரும்புக் கொள்முதல் விலை ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டு, பரிந்துரை விலைக்குப் பதிலாக வருவாய்ப் பங்கீட்டு முறை வந்தது. ஆலைக்குக் கிடைக்கும் வருவாயில் விவசாயிக்குரிய பங்கைக் கொடுப்பது, ஆனால் எந்த நிலையிலும் மத்திய விலைக்குக் குறையக் கூடாது என்பது இதன் சாரம்.

இனிக் கணக்குக்கு வருவோம். 2025-26 பருவத்திற்கு மத்திய அரசின் விலை, 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்திற்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். கட்டுமானம் என்பது அரைத்த கரும்பின் எடையில் எத்தனை சதவீதம் சர்க்கரையாகக் கிடைக்கிறது என்ற அளவு. கட்டுமானம் 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் 329 ரூபாய் 5 காசு, அதாவது டன்னுக்கு 3,290 ரூபாய் 50 காசு. தமிழ்நாட்டு ஆலைகள் பெரும்பாலும் இந்த அடிமட்டத்தில்தான் நிற்கின்றன. கட்டுமானம் 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் கரும்பில் 90 கிலோ சர்க்கரை. ரங்கராஜன் குழு சொன்னபடி சர்க்கரையின் ஆலைவாசல் விலையை மட்டும் எடுத்துக்கொண்டால் அதில் 75 சதவீதம் விவசாயிக்கு. சர்க்கரை கிலோ 38 ரூபாய்க்கு விற்றால் 90 கிலோவுக்கு 3,420 ரூபாய். அதில் 75 சதவீதம் 2,565 ரூபாய். அடிமட்ட விலையே 3,290 ரூபாய் இருக்கும்போது பங்கீட்டில் உங்களுக்கு ஒரு காசும் கூடுதலாக வராது. பங்கீடு அடிமட்ட விலையைத் தாண்ட வேண்டுமானால் ஆலைவாசலில் சர்க்கரை கிலோ 48 ரூபாய் 75 காசுக்கு மேல் விற்க வேண்டும்.

ஆக, கட்டுமானம் குறைந்த ஒரு மாநிலத்தில் வருவாய்ப் பங்கீடு என்பது நடைமுறையில் மத்திய விலையின் இன்னொரு பெயர்தான். இதை உணர்ந்துதான் மாநில அரசு தனியாகச் சிறப்பு ஊக்கத்தொகை கொடுத்துவருகிறது. 2024-25 பருவத்திற்கு அது டன்னுக்கு 349 ரூபாய். அந்தப் பருவத்தின் அடிமட்ட விலையான 3,151 ரூபாயோடு சேர்த்தால் 3,500 ரூபாய் வருகிறது. உத்தரப் பிரதேசத்தில் பரிந்துரை விலை முறை தொடர்கிறது. 2025-26க்கு முன்பருவ ரகங்களுக்குக் குவிண்டாலுக்கு 400 ரூபாய், அதாவது டன்னுக்கு 4,000 ரூபாய். அங்கே கட்டுமானமும் அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

பங்கீட்டு முறையைக் கொள்கை அளவில் நான் எதிர்க்கவில்லை. ஆனால் பங்கு கேட்பவர் கணக்கைப் பார்க்கவும் அளவை சரிபார்க்கவும் முடிய வேண்டும். பிரேசிலின் சாவோ பாலோ மாநிலத்தில் 1999இல் விவசாயிகளும் ஆலைகளும் சேர்ந்து கொன்சேகானா என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அங்கே வண்டி வண்டியாகக் கரும்பின் சர்க்கரை அளவு சோதிக்கப்பட்டு, அவரவர் கரும்பின் தரத்துக்கு ஏற்ப விலை அமைகிறது. நம்மிடம் ஆலையின் சராசரிக் கட்டுமானமே எல்லோருக்கும் பொருந்தும். பத்து மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த கரும்புக்கும், பராமரிப்பில்லாத கரும்புக்கும் ஒரே விலை. அந்தச் சராசரியை அளப்பதும் ஆலையே, எழுதுவதும் ஆலையே. அளவுகோல் ஒரு தரப்பின் கையிலேயே இருக்கும்வரை பங்கீடு என்ற சொல்லுக்கு விவசாயியிடம் மதிப்பு பிறக்காது.

கேள்வி: கரும்பு அனுப்பிப் பதினொரு மாதம் ஆகிறது. முதல் தவணைதான் வந்தது. ஆலை திவால் நடவடிக்கையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். சட்டத்தில் எங்களுக்கு வழியே இல்லையா?
- ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

இந்த இதழில் எனக்கு மிகவும் கனமாக இருந்த கடிதம் உங்களுடையது. கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1966ஆம் ஆண்டு ஆணையின்படி, கரும்பு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் தாமதமான காலத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர வேண்டும். நிலுவையை நிலவரி பாக்கியைப் போல மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிக்கவும் ஆணை வழி செய்கிறது. ஓர் ஏக்கரில் 40 டன் கரும்பு என்று வைத்துக்கொண்டால் 2025-26 அடிமட்ட விலையில் 1,31,620 ரூபாய். எட்டு மாதம் தாமதமானால் வட்டி சரியாகப் பத்து சதவீதம், 13,162 ரூபாய். இந்த வட்டியைக் கேட்காமலேயே பெற்ற விவசாயி ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. அசல் வந்தால் போதும் என்ற நிலையில்தான் பெரும்பாலானோர் இருக்கிறார்கள்.

என் சித்தப்பா கரும்பு வைத்தவர். அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் உத்தரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் பை செருகியிருக்கும்; அதற்குள் எடைச்சீட்டுகள். மொத்த எடை, வண்டி எடை, கழிவு, நிகர எடை என்று நான்கு வரிகள் கொண்ட சிறு காகிதங்கள். வெயிலில் மை வெளிறிப்போகும் என்பதற்காக ஒவ்வொரு சீட்டின் பின்புறத்திலும் நிகர எடையைப் பேனாவால் மறுபடி எழுதிவைப்பார். ஒரு பங்குனி மாதம், தங்கையின் திருமணத்துக்காக அந்தப் பையை எடுத்துப் பாயில் கொட்டி, சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கூட்டினார். ஆலை தர வேண்டிய தொகை, திருமணத்துக்கு வேண்டிய தொகையைவிட அதிகம். ஆனாலும் அன்று மாலை அவர் வட்டிக்கடைக்குத்தான் போனார். ஆலை தரவேண்டிய பணத்துக்கு வட்டியில்லை, அவர் வாங்கிய கடனுக்கு மாதம் மூன்று வட்டி. கரும்பு நிலுவையைப் பற்றி யார் புள்ளிவிவரம் சொன்னாலும் எனக்கு அந்தப் பாயில் அடுக்கிய சீட்டுகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

இப்போது திவால் நடவடிக்கைக்கு வருவோம். 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டமும் ஒரு பொருளாதாரச் சீர்திருத்தமே. வங்கிகளின் வாராக் கடனைத் தீர்க்க வந்த அந்தச் சட்டம் கரும்பு விவசாயியை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. நடவடிக்கை தொடங்கியதும் கடன் வசூலுக்கு இடைக்காலத் தடை வந்துவிடும். ஆட்சியர் மூலம் வசூலிக்கும் பழைய வழி அங்கேயே நின்றுவிடும். ஆலைக்குச் சரக்கு கொடுத்தவர் என்ற முறையில் நீங்கள் 'செயல்பாட்டுக் கடன் கொடுத்தவர்' ஆகிறீர்கள். ஆலை கலைக்கப்பட்டால் சொத்துப் பங்கீட்டில் நடவடிக்கைச் செலவு, தொழிலாளர் பாக்கி, ஈடு பெற்ற வங்கிகள் எல்லாம் முன்னே நிற்க, நீங்கள் பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறீர்கள். 1966இல் கொடுத்த பாதுகாப்பை 2016 சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது. கரும்பு நிலுவையைத் தொழிலாளர் சம்பளத்துக்கு இணையாக முன்வரிசையில் வைக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கரும்பு என்பது ஆலைக்கு விற்ற சரக்கு மட்டுமல்ல. ஒரு குடும்பத்தின் ஓர் ஆண்டு உழைப்பு.

உடனே செய்ய வேண்டியவை இவை. திவால் நடவடிக்கையை நடத்தும் தீர்வு அலுவலர் கோரிக்கை கேட்டு வெளியிடும் அறிவிப்பில் ஒரு கடைசித் தேதி இருக்கும். அதற்குள் உங்கள் கோரிக்கையை எடைச்சீட்டு, பதிவு ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரங்களோடு எழுத்தில் தாக்கல் செய்யுங்கள். அசலோடு 15 சதவீத வட்டியையும் சேர்த்துக் கேளுங்கள். தனித்தனியாகப் போவதைவிட சங்கமாகச் சேர்ந்து ஒரே வழக்கறிஞர் மூலம் போனால் செலவும் குறையும், கவனமும் கிடைக்கும். மிக முக்கியமாக, ஆலையின் ஏற்பாட்டில் உங்கள் பெயரில் பயிர்க்கடன் எடுக்கப்பட்டிருக்கிறதா, கரும்புப் பணத்தில் பிடித்ததாகச் சொன்ன தொகை அந்தக் கடனில் உண்மையிலேயே வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை வங்கியில் இன்றே கேட்டு, கணக்கு அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: ஆலைகள் ஏன் பணம் தர முடியாமல் போகின்றன? கட்டுப்பாடு நீங்கினால் லாபம் வர வேண்டாமா? எத்தனால் வந்த பிறகும் இந்த நிலை ஏன்?
- ஒரு பொருளாதார மாணவர், கோயம்புத்தூர்

ஆலைகளின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 2013இல் விடுவிப்பு முறை நீங்கிய பிறகு, உற்பத்தி மிகுந்த ஆண்டுகளில் ஆலைகள் போட்டிபோட்டு விற்று விலையைச் சரித்தன. நிலுவை மலைபோல் குவிந்ததால் 2018 ஜூனில் மத்திய அரசு கிலோவுக்கு 29 ரூபாய் என்று குறைந்தபட்ச விற்பனை விலையை நிர்ணயித்ததுடன், ஒவ்வோர் ஆலையும் மாதத்துக்கு எவ்வளவு விற்கலாம் என்ற வரம்பையும் திரும்பக் கொண்டுவந்தது. ஐந்தே ஆண்டில் பழைய முறை வேறு வழியில் வீடு திரும்பியது. அந்த விலை 2019 பிப்ரவரியில் 31 ரூபாயானது. அதன் பிறகு கரும்பின் மத்திய விலை குவிண்டாலுக்கு 275 ரூபாயிலிருந்து 355 ரூபாயாக உயர்ந்த காலம் முழுவதும் அது அசையவில்லை. 9 சதவீதக் கட்டுமானத்தில் ஒரு டன் கரும்பின் 90 கிலோ சர்க்கரையை 31 ரூபாய்க்கு விற்றால் 2,790 ரூபாய்தான் வரும். கரும்புக்கே அதைவிட 500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சந்தை விலை அதற்கு மேல் இருக்கும்வரை ஆலை தாக்குப்பிடிக்கும். கரும்பு விலைக்குத் தரை போட்ட அரசு, சர்க்கரை விலையின் தரையையும் அதோடு சேர்த்து உயர்த்த வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் உயர்த்தினால் இடைவெளி நிலுவையாக விவசாயியின் தலையில்தான் விழும்.

பெட்ரோலில் கலக்கும் எரிசாராயமான எத்தனால் இந்த இடைவெளியை நிரப்ப வந்த வழி. 2003இல் தொடங்கிய பெட்ரோல் கலப்புத் திட்டம், 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கைக்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. 2022இல் 10 சதவீதக் கலப்பும் 2025இல் 20 சதவீதமும் எட்டப்பட்டன. கழிவுப்பாகிலிருந்து மட்டுமல்லாமல், சர்க்கரை மிச்சமுள்ள பி-வகைப் பாகிலிருந்தும் நேரடியாகச் சாற்றிலிருந்தும் எத்தனால் எடுக்க அனுமதி கிடைத்ததால், மிகுதியான சர்க்கரை சந்தைக்கு வராமல் விலை நின்றது. எண்ணெய் நிறுவனங்களின் பணமும் விரைவாகக் கைக்கு வந்தது. எத்தனால் எடுக்கும் வடிப்பாலை உள்ள ஆலைகளின் பட்டுவாடா சீரானதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் 2023 டிசம்பரில், மழை குறைந்து கரும்பு குறையும் என்ற அச்சத்தில், சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு அரசு திடீரென்று தடை போட்டது. சில நாட்களில் தளர்த்தி ஓர் உச்சவரம்பு வைத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நீக்கியது. கடன் வாங்கி வடிப்பாலை கட்டியவர்களுக்கு அந்த ஒரு பருவமே பெரிய அடி. அதோடு, சாற்று எத்தனாலின் விலை 2022-23இல் நிர்ணயித்த லிட்டருக்கு 65 ரூபாய் 61 காசிலேயே அடுத்த இரண்டு ஆண்டுகளும் நின்றுவிட, மக்காச்சோள எத்தனால் 71 ரூபாய் 86 காசுக்குப் போனது. இன்று எத்தனாலில் பெரும்பங்கு தானியத்திலிருந்தே வருகிறது.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்றும் இதில் இருக்கிறது. பி-வகைப் பாகை எத்தனாலுக்குத் திருப்பும்போது மூட்டையில் விழும் சர்க்கரை குறையும். அப்படிக் குறைந்த அளவையே கட்டுமானமாக எழுதினால் கரும்பின் விலையும் குறைந்துவிடும். எத்தனாலுக்குப் போன சர்க்கரையையும் சேர்த்துத்தான் கட்டுமானத்தைக் கணக்கிட வேண்டும் என்று உங்கள் ஊர் விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பொருளாதாரம் படிப்பவர் ஊருக்குச் செய்யக்கூடிய நல்ல உதவி அது.

கேள்வி: உலகச் சந்தையில் நல்ல விலை இருந்தபோது சர்க்கரை ஏற்றுமதிக்குத் தடை போட்டது ஏன்?
- ஒரு வாசகர், ஈரோடு

2021-22 பருவத்தில் இந்தியா சுமார் 110 லட்சம் டன் சர்க்கரையை ஏற்றுமதி செய்தது. அது ஒரு சாதனை. அடுத்த பருவத்தில் அது 60 லட்சம் டன் அளவுக்குக் கட்டுப்படுத்தப்பட்டது. 2023-24இல் அனுமதியே இல்லை. 2025 ஜனவரியில் 10 லட்சம் டன்னுக்கு அனுமதி வந்தது. பண்டிகைக் காலத்தில் சர்க்கரை விலை ஏறினால் அது அரசுக்குப் பெரிய தலைவலி என்பது புரிகிறது. ஆனால் வெளிநாட்டில் விலை விழுந்தால் நட்டம் ஆலைக்கும் விவசாயிக்கும், விலை ஏறினால் கதவு மூடப்படும் என்பதை யாரும் தாராளமயம் என்று ஏற்கமாட்டார்கள். மானியம் கொடுத்து ஏற்றுமதி செய்த காலத்தில் பிரேசிலும் ஆஸ்திரேலியாவும் குவாத்தமாலாவும் உலக வர்த்தக அமைப்பில் நம்மீது வழக்குத் தொடுத்தன; 2021 டிசம்பரில் நடுவர் குழு நமக்கு எதிராக முடிவு சொல்ல, இந்தியா மேல்முறையீடு செய்தது. தடை போடுவதானாலும் அரவை தொடங்கும் முன்பே அறிவித்துவிட்டால் ஆலையும் விவசாயியும் அதற்கேற்பத் திட்டமிட்டுக்கொள்ள முடியும். அதைத்தான் ரங்கராஜன் குழுவும் நிலையான வர்த்தகக் கொள்கை என்று கேட்டது.

கேள்வி: மூன்று ஏக்கரில் கரும்பு. வெட்டுக் கூலி டன்னுக்கு 1,100 ரூபாய் கேட்கிறார்கள். மறுதாம்பு விடவா, அழித்துவிட்டு வேறு பயிர் வைக்கவா?
- ஒரு வாசகர், தர்மபுரி மாவட்டம்

தொலைவிலிருந்து முடிவு சொல்வது தவறு. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டிய முறையைச் சொல்கிறேன். 2025-26 விலையை நிர்ணயிக்கும்போது மத்திய அரசு எடுத்துக்கொண்ட சாகுபடிச் செலவு குவிண்டாலுக்கு 173 ரூபாய். விலை அதைவிட 105 சதவீதம் கூடுதல் என்று அறிவித்தார்கள். அது நாடு முழுவதற்குமான சராசரி. அதில் கைச்செலவும் குடும்ப உழைப்பும் உண்டு, நிலத்தின் வாடகை இல்லை. உங்கள் செலவோ வெட்டுக் கூலியில் மட்டுமே குவிண்டாலுக்கு 110 ரூபாய். ஆகவே அரசின் சராசரியை நம்பாமல் உங்கள் நோட்டில் உள்ளதைக் கூட்டுங்கள். நிலத்துக்கு ஊரில் என்ன குத்தகை போகிறதோ அதையும் செலவில் எழுதுங்கள்.

கிணற்றில் கோடைக்குத் தண்ணீர் நிற்கும், நடவுப் பயிரில் ஏக்கருக்கு 40 டன்னுக்குக் குறையாமல் வந்தது, ஆலை சென்ற பருவத்தின் பணத்தை முழுவதும் கொடுத்துவிட்டது என்ற மூன்றும் சரியாக இருந்தால் மறுதாம்பு விடுங்கள். வெட்டிய கரும்பின் அடிக்கட்டையிலிருந்தே மறுபடி தழைப்பதால், கரணை என்னும் விதைக்கரும்புச் செலவும் நடவுக் கூலியும் இல்லாத பயிர் அது. வெட்டு முடிந்ததும் சோகையைக் கொளுத்தாமல் பார் நடுவில் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும். பணம் இன்னும் நிலுவையில் இருந்தால், மூன்று ஏக்கரையும் அதே ஆலைக்குப் பதிவு செய்யாதீர்கள். ஒன்றிலாவது வேறு பயிருக்கு மாறுங்கள்.

புதிதாக நடுவதானால், கரும்பின் ஒற்றைப் பருவிலிருந்து வளர்த்த பருநாற்றாக வாங்கி 5 அடிக்கு 2 அடி இடைவெளியில் நடுங்கள். அந்த அகலப் பாரில்தான் அறுவடை இயந்திரம் இறங்க முடியும். வெட்டு ஆள் கிடைக்காத ஊரில் இது இனித் தவிர்க்க முடியாதது. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் நூறு சதவீத மானியம் உண்டு. மூன்று ஏக்கர் வைத்திருக்கும் உங்களுக்கு அது பொருந்தும், வேளாண் அலுவலகத்தில் சிறு விவசாயிச் சான்றோடு விண்ணப்பியுங்கள். ஆலையில் பதிவு செய்யும் நாளில் நடவுத் தேதி சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கரும்பு அலுவலரின் பதிவேட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள். வெட்டு உத்தரவின் வரிசை அந்தத் தேதியை வைத்துத்தான் வரும். அங்கே ஒரு மாதம் பிந்திப்போனால் சித்திரை வெயிலில் கரும்பு காய்வதை நின்று பார்க்க வேண்டியிருக்கும்.